தன்யாவுக்குத் தாகம்

தன்யா அழுதாள், கண்ணீர் வரவில்லை.

இளவரசி முதலில் அதைக் கவனிக்கவேயில்லை. காலையிலிருந்து வயிற்றால் போய்க்கொண்டிருந்த எட்டு மாதக் குழந்தையின் துணியை மாற்றுவதிலும் அலசுவதிலுமே அவள் பொழுது ஓடியிருந்தது. ஏரிக்காற்று விழுந்துபோய், கருவாட்டு வாடையும் சேற்று வாடையும் சிமெண்ட் ஷீட் கூரைக்கடியில் வந்து அடைந்து, மின்விசிறி அதையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்த மத்தியானத்தில்தான், குழந்தையின் கன்னத்தைத் துடைக்கப் போன விரல் காய்ந்தே திரும்பியது. தூளித் துணியும் வெகு நேரமாக மூத்திரத்தில் நனையவில்லை. உச்சிக்குழி உள்வாங்கிக் கிடந்தது.

வலைக்குப் போயிருந்த புருஷன் நீலமேகத்துக்குப் போன் போட்டாள்.

"பொன்னேரி ஆசுபத்திரிக்குத் தூக்கினு போயேம்மே," என்றான் அவன்.

"காந்தாக்கா தொக்கம் எடுக்கறன்னு சொல்லிக்கீறாங்கய்யா. எடுத்தா நின்னுரும்."

அந்தக் குப்பத்தில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றால் போனாலும் தின்றது ஏதோ தொண்டையில் தொக்கமாகச் சிக்கியிருக்கிறது என்பார்கள். அதை வாயால் உறிஞ்சி எடுப்பவள் பக்கத்துத் தெரு காந்தா. அவள் காலையிலேயே வந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தாள்: "வெயில் தாழ எடுத்துர்லாம். அதுவரிக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. மாரும் குடுக்காத. குடுத்தா தொக்கம் உள்ள எறங்கிரும்."

இளவரசி கொடுக்கவில்லை. நர்சம்மா தந்திருந்த உப்பு சர்க்கரைப் பொட்டலம் அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. பால் கட்டி மார்பு விண்விண்ணென்று வலித்தது. குழந்தை அவள் ரவிக்கையை முகர்ந்து முகர்ந்து தேடியபோது, பாவி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் காந்தா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். காந்தா குழந்தையின் வாயில் வாய் வைத்து உறிஞ்சித் தட்டில் துப்பினாள். "பாத்தியா, எறா ஓடு." எட்டு மாதப் பிள்ளை இறாலை எப்போது தின்றது என்று கேட்க இளவரசிக்கு வாய் வரவில்லை. தன்யா அழவில்லை. அவள் கண்கள் பாதி திறந்திருந்தன.

"அசதி. பாயில கெடத்து, தூங்கட்டும்," என்று சொல்லிவிட்டு காந்தா வாய் கொப்பளிக்கப் பின்பக்கம் போனாள். கிடத்தினாள். ஆனால் இளவரசிக்கு அங்கே ஒரு நிமிடம்கூட இருக்கப் பிடிக்கவில்லை. அந்த இருட்டு அறையில் பாயில் கைக்குப் பட்ட பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வழியெல்லாம் தோள் கனத்தது.

விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்து மார்பைக் கொடுத்தாள். வாய் கவ்விக்கொண்டது. குடித்தது. அப்பாடா என்று வாய்விட்டு அழுதாள் இளவரசி. என் தங்கம் பிழைத்துக்கொண்டது.

ஒரு பக்கம் தீர்ந்தது. மறு பக்கமும் தீர்ந்தது. வாய் இன்னும் தேடியது. பொட்டலத்தைக் கரைத்து டம்ளரில் புகட்டினாள். காலியாயிற்று. சொம்பைச் சாய்த்தாள். அதுவும் காலி. குழந்தைக்குரிய சின்ன மிடறாக இல்லை. பெரிய ஆள் தொண்டையில் இறங்குகிற மாதிரி மடக் மடக்கென்று அந்த இருட்டில் கேட்டது.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். உப்பவில்லை. துணி நனையவில்லை. உதடு சில்லென்று இருந்தது.

மிடறுகளுக்கு நடுவே மூச்சே இல்லை.

குடத்தை இழுத்தாள். குடமும் பாதிக்கு வந்துவிட்டது.

"இளவரசி." வாசலில் காந்தாவின் குரல். உடைந்திருந்தது. "இன்னாமே இது, புள்ளைய பாயிலயே வுட்டுட்டு எங்க போய்ட்ட?"

தெருவிளக்கு வெளிச்சத்தில் காந்தா நின்றிருந்தாள். அவள் கையில் தன்யா. தலை முழங்கைக்கு வெளியே தொங்கியது. பாதி திறந்த கண். வெடித்த உதடு.

"மூச்சு இல்லமே. தட்டித் தட்டிப் பாத்துட்டேன்."

இளவரசி மடியைக் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மடியில் இருந்தது குடத்தைத் தள்ளிவிட்டது. மறுபடி ரவிக்கையை முகர்ந்தது. தேடியது.

இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை. கை தானாகப் போய்க் கொக்கியைக் கழற்றியது.