மூட்டை தண்ணீர் குடிக்க மறுத்த நாள்

அந்தச் சிறுமியைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. ஓரிடத்தில் நிற்காமல் சுழன்றுகொண்டே இருப்பதால் வீட்டிலும் பள்ளியிலும் அவள் பம்பரம். அவள் வளர்த்த கடாவின் பெயர் மூட்டை. குட்டியாக வந்தபோது அது பஞ்சு மூட்டைபோல இருந்தது. இப்போது சிமெண்ட் மூட்டைபோலக் கனத்தது.

ஆட்டுக் கண்காட்சி நாளில், விடிந்ததிலிருந்து பம்பரத்தின் கைகள் ஓயவில்லை. மூட்டையைக் குளிப்பாட்டினாள். வெல்டரான அப்பா இரும்புக் குழாய்களை இணைத்துச் செய்துகொடுத்த மேடைமேல் அதை நிறுத்தி, மெஷினால் முடியை ஒட்ட வெட்டினாள். குளம்புகளைச் சீவித் துடைத்தாள். கழுத்துப் பட்டையை மாட்டினாள், கழற்றினாள், மறுபடியும் மாட்டினாள். கண்காட்சிக் கொட்டகைக்கு வந்த பிறகும் மனம் அடங்காமல், புது வாளிக்கும் ஆட்டு ஷாம்பு போட்டுத் தேய்த்தாள்.

"வாளியும் போட்டியில கலந்துக்குதா?" என்று கேட்டார் அப்பா.

"அழுக்கா இருந்தா நடுவர் என்ன நினைப்பாங்கப்பா?"

பக்கத்து அடைப்பிலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்தான். அவன் சட்டையில் புலிப் படம் இருந்ததால், மனத்துக்குள் அவனுக்குப் புலி என்று அவள் பெயர் வைத்திருந்தாள்.

"அந்த ஷாம்பு கொஞ்சம் குடு. என் வாளியையும் கழுவிடறேன். ஆமா, உன் ஆட்டுக்கு என்ன, தொப்பையா?"

"தொப்பை இல்ல, சதை. தொட்டுப் பாத்துட்டுப் பேசு" என்றபடியே பம்பரம் புட்டியைக் கொடுத்தாள்.

அங்கு வந்திருந்தவை எல்லாம் இறைச்சிக்கென்று வளர்க்கப்படும் ஆடுகள். முதல் இரண்டு இடங்களைப் பெறும் கடாக்களை மட்டும் ஓர் இனவிருத்திப் பண்ணை வாங்கிக்கொள்ளும். அவை அங்கே நெடுநாள் வாழும். மற்றவை வாசலில் நிற்கும் வியாபாரியின் லாரியில் ஏறும். குட்டியை வாங்கி வந்த நாளிலேயே அப்பா இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். பம்பரமும் சரி என்றுதான் சொன்னாள். ஆனால், அப்போது அவள் மூட்டைக்குப் பெயர் வைத்திருக்கவில்லை.

கால்நடை மருத்துவர் ஒவ்வோர் அடைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மூட்டையின் ஈறுகளைப் பார்த்தார். கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல. தண்ணி குடிச்சுதா?"

"வீட்ல தொட்டியில குடிச்சுது. இங்க வந்ததிலேருந்து குடிக்கல, டாக்டர்."

"இந்த வெயில்ல குடிக்காத ஆட்டைப் போட்டி வட்டத்துக்குள்ள விட முடியாதும்மா. மணி அடிக்கறதுக்குள்ள குடிக்க வைங்க."

புலியிடமும் அவர் அதையே சொல்லிவிட்டுப் போனார்.

பம்பரம் பறந்தாள். தண்ணீரை மாற்றிக் கொண்டுவந்தாள். மூட்டை மூக்கைத் திருப்பிக்கொண்டது. வாளியை நிழலில் வைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் ஷாம்பு விட்டு வாளியைத் தேய்த்து, குளிர்ந்த நீரை நிரப்பினாள். மூட்டை இரண்டடி பின்வாங்கியது.

"கொஞ்சம் உக்காரும்மா. நீ சுத்தறதப் பாத்தா எனக்கே தலை சுத்துது, அதுக்குச் சுத்தாதா?" என்றார் அப்பா.

வேறு வழி தோன்றாததால் அவள் உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள்.

மூட்டை மெல்ல நகர்ந்து அடைப்பின் மூலையிலிருந்த குழாயடிக்குப் போனது. அங்கே ஒழுகித் தேங்கியிருந்த நீரை முகர்ந்தது. சளப்பென்று ஒருமுறை நக்கியது. சேற்று நீராயிற்றே என்று பாய்ந்து இழுக்கப் போன பம்பரம், பாதியில் நின்றாள்.

தாகம் இருக்கிறது. குழாய்த் தண்ணீரும் பிடித்திருக்கிறது. அப்படியானால்?

வாளியைக் காலிசெய்து, அதற்குள் தலையை விட்டு முகர்ந்தாள். ஷாம்பு வாசனை கும்மென்று ஏறியது. அவள் தேய்க்கத் தேய்க்க, வாசனையும் கூடிக்கொண்டே போயிருந்தது.

"அப்பா, உங்களுக்குப் பசிக்குதா?"

"இல்லையேம்மா. இப்பதானே டிபன் சாப்பிட்டேன்."

"பசிக்கணும்ப்பா. எனக்கு உங்க சாப்பாட்டு டப்பா வேணும், உடனே."

மகளின் முகத்தைப் பார்த்த அப்பா மறுபேச்சுப் பேசாமல் மதியச் சாப்பாட்டை அள்ளி அள்ளி விழுங்கினார். டப்பாவை வெறும் தண்ணீரால் அலசி, நிரப்பி, மூட்டையின் முன்னே வைத்தாள் பம்பரம். ஒரே உறிஞ்சு. டப்பாவின் அடி தெரிந்தது. மறுபடியும் நிரப்பினாள்.

பக்கத்து அடைப்பில் புலி, தன் கடாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வாளியில் தண்ணீர் குறையாமல் அப்படியே இருந்தது. அவன் கடா உள்ளே வராவிட்டால் மூட்டைக்கு ஒரு போட்டி குறையும். அதுவோ முதுகு அகன்ற, அழகான கடா. வாசலில் லாரியின் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

பம்பரம் கால் மாற்றி மாற்றி நின்றாள். பிறகு டப்பாவை நிரப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

"உன் வாளிய மோந்து பாரு."

புலி முகர்ந்தான். "நல்ல வாசனைதானே?"

"உனக்கு. இந்தா, இதுல குடு."

அவன் கடாவும் ஒரே மூச்சில் குடித்தது. புலி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"தொப்பைன்னு சும்மா சொன்னேன்" என்றான்.

"தெரியும். டப்பாவத் திருப்பிக் குடு, அப்பாவோடது."

மணி அடித்தது. வட்டத்துக்குள் கடாக்கள் வரிசையாக நின்றன. சதை எடுப்பாகத் தெரியும்படி, பம்பரம் தன் முழங்காலை மூட்டையின் மார்பில் பதித்தாள். மூட்டை எதிர்த்து முட்டியது. முதுகுச் சதை திரண்டு நின்றது. அப்போதுதான் அவள் கவனித்தாள்: மூட்டையின் இடது காதில் ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை எடுக்க அவள் விரல்கள் துடித்தன. எடுத்தால் மூட்டை தலையை ஆட்டும். நின்ற நிலை கலையும். விரல்களைப் பட்டையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். நடுவர் அம்மாள் மூட்டையின் முதுகை அழுத்திப் பார்த்தார், விலாவைத் தடவினார், தொடையைப் பிடித்துப் பார்த்தார். பின்னாலும் முன்னாலும் போனார். பம்பரம் அசையவில்லை. அவளைப் பார்த்து மூட்டையும் அசையவில்லை.

முதல் இடத்துக்குப் புலியின் கடாவை முன்னே வரச் சொன்னார். இனி ஓர் இடம்தான் மிச்சம். நடுவர் மறுபடியும் வரிசையின் கடைசிவரை நடந்தார், திரும்பி வந்தார், மூட்டையின் முதுகில் தட்டினார்.

"இது ரெண்டாவது. பண்ணைக்கு இந்த ரெண்டும் போகட்டும்."

"என்னம்மா, இவ்ளோ நேரம் சும்மா நின்னியே, உடம்பு சரியில்லையா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து அப்பா கேட்டார்.

பம்பரம் கையை நீட்டி, மூட்டையின் காதிலிருந்த துரும்பை எடுத்தாள். அது அவள் கையில் இருக்கும்போதே மூட்டை அதைப் பிடுங்கித் தின்றுவிட்டது.