காய்ந்த கரண்டி

கரண்டி சூடாக இருந்தது. மதிய ஷிப்டுக்கு வந்தவன் ஆறாம் நம்பர் உலையருகே போனபோது, நீளக் கைப்பிடி போட்ட அந்தக் கரண்டி உலை விளிம்பில் சாய்ந்து, நன்றாகக் காய்ந்து, கையுறையையும் தாண்டிச் சுட்டது.

வேலை முடிந்து போகிறவன் அடுத்து வருகிறவனுக்குச் செய்யும் மரியாதை அது. ஆயிரத்தைம்பது டிகிரியில் உருகிக் கிடக்கும் ஃப்ளூரைடு உப்பில் ஈரம் பட்டால் உலை வெடித்து முகத்தில் துப்பிவிடும். அதனால் முன்னவன் வைத்த கரண்டியை யாரும் சந்தேகிப்பதில்லை. காய்ந்திருக்கிறதா என்று கேட்டாலே சண்டைதான்.

ஆனால் காலை ஷிப்டுக்காரர் மரியாதை பார்க்கிற ஆளே இல்லை.

"அண்ணே, கரண்டிய நீங்களா வெச்சீங்க?"

"எனக்கு வேற வேலை இல்லையா? போய் உன் பொழப்பப் பாருடா" என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

இதே உலையில் போன வாரம் வரை இவனுக்கு அடுத்த ஷிப்ட் பார்த்தவன் மச்சான், தங்கையின் புருஷன். வாய் நீளம். "எங்க மச்சானுக்கு உலைக்குப் பசிச்சாலும் தெரியாது, பொண்டாட்டிக்குப் பசிச்சாலும் தெரியாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பான். போன வாரம் ஒரு நாள் ஷிப்ட் மாறும்போதும் சொன்னான். இவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியைத் தரை துடைக்கும் வாளியில் முக்கி எடுத்து, மேலே மட்டும் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். ஒட்டியிருந்த உப்புப் பொருக்குக்குள் ஈரம் நின்றது. இரண்டு துளி தெறித்தால் வாய் அடங்கும் என்றுதான் நினைத்தான். மச்சானின் முகமே இல்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து செத்தான்.

"நீ வெச்ச கரண்டிதானேண்ணே அது? காஞ்சுதான இருந்துச்சு?" என்று தங்கை கேட்டாள்.

"சுடச்சுட வெச்சேன்மா."

அவள் நம்பிவிட்டாள். அதுதான் அவனை அரித்தது.

ஜன்னலே இல்லாத அந்தக் கூடத்தில் மின்சாரத்தின் ரீங்காரமும், கரி எரியும் காரமும், தொண்டையில் ஒட்டும் புளிப்பும், சுவரில் ஆடும் ஆரஞ்சு வெளிச்சமுமாக மதியம் மெல்ல நகர்ந்தது. உலைக்குப் பசித்தால், உப்புக்குள் தொங்கும் கரித்தகட்டைச் சுற்றிச் சீறும். உள்ளே போய் உலோகமாக மாறும் வெளிர் ஊதாப் பொடியை ஒரு கை அள்ளிப் போட்டால் அடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதே பாடு. இன்று ஒரு மணி நேரமாகச் சீறவில்லை. வோல்டேஜ் முள் அசையவில்லை. உலைப் பக்கத்தில் இருந்த தொட்டியில் பொடி மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

அவன் ஒரு பிடிகூடப் போடவில்லை.

உலோகம் அள்ளும் நேரம் வந்தது. அவன் கரண்டியை நம்பவில்லை. மறுபடி விளிம்பில் வைத்து, கால்மணி நேரம் காய்ச்சி, சிவந்ததும்தான் எடுத்தான். பொட்டு ஈரம் இல்லை.

காதருகே, உதடு இல்லாத வாயிலிருந்து வருவது போன்ற பேச்சு.

"பயப்படாத மச்சான். நல்லாத்தான் காஞ்சிருக்கு."

அவன் திரும்பிப் பார்க்க நினைத்தான். கழுத்து வரவில்லை. கரண்டியை விட நினைத்தான். கையுறைகளின் மேல் வேறு இரண்டு கைகள் இறுகியிருந்தன.

"தங்கச்சிகிட்ட சொல்லிடறேன்டா. இன்னிக்கே சொல்லிடறேன். உண்மைய எல்லாம் சொல்லிடறேன்."

"வேணாம். அவ அழுது முடிக்கட்டும். ரெண்டு பேருக்கும் சேர்த்து."

முதுகில் சில்லென்றது. சட்டை ஒட்டியது. வியர்வை இல்லை. தண்ணீர். தலைமுடியிலிருந்து வழிந்தது. புருவத்தில். கன்னத்தில். பூட்ஸுக்குள் சளசளத்தது.

கைகள் அவனை முன்னால் சாய்த்தன. மெதுவாக. முகத்துக்கு நேர் கீழே வெள்ளை வெளிச்சம். அசையாத உப்பு.

அவன் மூக்கு நுனியில் ஒரு துளி திரண்டது.