பூட்டிய வீட்டில் புதுப்படம்

பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரே வலி. விளாத்திகுளம் குடோனில் ஒரு வாரமாக மிளகாய் வத்தல் மூட்டை தூக்கியதில், தங்கப்பாண்டிக்குக் கழுத்தைத் திருப்பினால் கண் இருட்டியது. மூக்கைச் சிந்தினால் சிவப்பாக வந்தது. தொண்டைக்குள் காரநெடி சளியோடு சளியாக ஒட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலை நீட்டி ஒரு புதுப்படம் பார்த்தால்தான் உடம்பு தேறும் போலிருந்தது. கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிவிடலாம். ஆனால் தங்கச்சி உமாராணியின் புருஷன் குருசாமி செத்து இன்னும் பதினாறு கழியவில்லை. துட்டி வீட்டுக்காரன் தியேட்டர் வாசலில் நிற்பதை ஒருத்தன் பார்த்தால் போதும், ஊரே காறித் துப்பும்.

குடோனில் கூட வேலை பார்க்கும் செல்வகணேஷ்தான் வழி செய்தான். தியேட்டருக்குள் செல்போனில் எடுத்த படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

"முன்னால மண்டை மண்டையா தெரியும் அண்ணாச்சி, கண்டுக்கிடாதீங்க. சண்டைன்னா அம்புட்டுச் சண்டை!"

பெண்டாட்டி வள்ளிமயில் உமாராணிக்குத் துணையிருக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, வெளிய பூட்டிட்டுப் போ. யாரும் வந்தா ஆளில்லன்னு போயிருவாவ."

"நல்லாருக்கு. தங்கச்சி அங்கன மூலையில உக்காந்து அழுதா, அண்ணனுக்குச் சண்டப் படம் கேக்குதாக்கும். சத்தத்தையாவது கொறச்சு வையுங்க. ஏற்கெனவே உங்களப் பத்தி ஊரு பேசுதது போதும்."

பூட்டு விழுந்தது. சாவி அவள் இடுப்போடு போனது.

ஊர் பேசியதில் தப்பில்லை. கிணற்றில் மோட்டார் இறக்கப் போன குருசாமி தவறி விழுந்து, இரண்டு நாள் கழித்து ஊதி மிதந்தான். ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் கொடுத்தார்கள். பெண் கொடுத்த வீட்டுக் கோடி வேட்டிதான் பிணத்தின்மேல் முதலில் விழ வேண்டும், அதுவும் மச்சான் கையால். தங்கப்பாண்டி புது வேட்டியை விரித்துக்கொண்டு கிட்டே போனான். பிளாஸ்டிக் மடிப்பில் பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. நாற்றம் மூக்கில் ஏறவில்லை, நாக்கில் ஏறியது. வாந்தியெடுத்தவன், அந்தக் கோடியிலேயே வாயைத் துடைத்து, அதை வேலிமுள்ளில் எறிந்துவிட்டு வந்துவிட்டான். முதல் கோடி விழாமல் வேறு யாரும் போடவில்லை. குருசாமி பிளாஸ்டிக்கோடு எரிந்தான்.

டிவியில் படம் ஓடியது. ஜன்னல்களைச் சாத்தியதில் அறை அடுப்படியாக வெந்தது. திரையின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுத்த தலைகள். அவற்றுக்கு மேலே, கோணலாக, கதாநாயகன் அரிவாளோடு ஒரு சந்தையையே துவம்சம் செய்துகொண்டிருந்தான். விசிலும் கைதட்டலுமாக இரைந்த கூட்டத்துக்குள் எவனோ "ஏலே உக்காருலே, ஒங்கப்பன் கண்ணாடியிலயா செஞ்சான் ஒன்னய?" என்று கத்தினான். தங்கப்பாண்டி சிரித்தபடி காராச்சேவை அள்ளி வாயில் போட்டான்.

எல்லாத் தலைகளும் ஆடின. நடு வரிசையில் ஒன்று ஆடவில்லை.

அதன் தோளில் சட்டை இல்லை. திரையில் வெடி வெடித்து வெளிச்சம் பட்டபோதெல்லாம் அந்தத் தோள் ஈரமாக, உருகிய பாலிதீன் படிந்ததுபோல மினுங்கியது. முதல் நாள் கூட்டத்தில் அதன் இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. பின்னால் இருந்த ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனான்.

வாயிலிருந்த சேவு வழுக்கியது. எண்ணெய்ச் சிக்கு என்று நினைத்து மென்றான். தோல் மாதிரி இழுபட்டது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான். சேவுதான்.

சத்தத்தைக் குறைத்தான். வெட்டும் அலறலும் விசிலும் அடங்கின. அடியில் இருந்த ஒரு சத்தம் மட்டும் அடங்கவில்லை. சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவதுபோல. சளக். சளக். ரிமோட்டில் சத்தத்தை அடியோடு நிறுத்தினான்.

சளக்.

தலை திரும்பியது. தோள் அசையவில்லை. தலை மட்டும். மீன் அரித்த காது. பிதுங்கிய உதடு. வீங்கி மூடிய கண்.

"மாப்ள..." என்றான் தங்கப்பாண்டி.

அது எழுந்தது. நாற்காலிகளைத் தாண்டி வந்தது. நேரே படமெடுத்த செல்போனைப் பார்த்து. கிட்டே. இன்னும் கிட்டே. திரை முழுக்கக் கறுப்பு.

அறையில் நாற்றம். நாக்கில் ஏறும் நாற்றம்.

பாய்ந்து போய்க் கதவைக் குத்தினான். "தொறங்க! யாராவது தொறங்கய்யா! ஐயோ!"

தெருவில் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"பூட்டுல்லா தொங்குது. யாருட்டி கத்துதது?"

"டிவியா இருக்கும். சண்டப் படம். அமத்தாம போயிருக்கா வள்ளி. கரண்டு பில்லு வரட்டும், தெரியும்."

சிரிப்பு. செருப்புச் சத்தம். போய்விட்டார்கள்.

அவன் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்து, கொழகொழத்து, முதுகில் இறங்கியது. திரும்பினான். குருசாமி கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

இடுப்பில் கிடந்த சாரத்தை உருவினான். அம்மணமாகக் கதவோடு ஒட்டிக்கொண்டு, அதை இரண்டு கையாலும் நீட்டினான்.

"இந்தா மாப்ள. போத்திக்கிடு. போயிரு."

குருசாமி சாரத்தைத் தொடவில்லை. தோல் உறைபோலக் கழன்று தொங்கிய கை நீண்டபடியே நின்றது. வாய் திறந்து பழுப்புத் தண்ணீர் கொட்டியது. கொட்டி முடிந்த பிறகு பேச்சு வந்தது.

"உடுத்துனது வேண்டாம், மச்சான்."

கை இறங்கவில்லை. தங்கப்பாண்டி அவனுக்குத் தர வேண்டியது கோடி வேட்டி ஒன்று. தண்ணீர் படாதது, மச்சான் கையாலேயே போர்த்த வேண்டியது.