பஸ் நிற்கும் வளைவில் ஒரு சுமைதாங்கி

கலாவதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் பஸ்ஸில் சேலத்திலிருந்து ஏற்காடு வந்தவள், ஆன்மேரி போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே விஷயத்தைக் கொட்டினாள். இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளம் வாங்காமல் அவள் எழுதிய வரலாற்றுக் கட்டுரைகள் அத்தனையையும் இன்று மாலை தூக்கிவிடுவார்களாம். திருடி என்ற பட்டம் வேறு.

வம்பு ஒரு சுமைதாங்கிக் கல்லால் வந்தது. மஞ்சக்குட்டைப் பக்கம் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன வெள்ளையம்மாள் என்பவளுக்காக அவள் குடும்பம் நட்ட கல் அது என்று கலாவதி எழுதியிருந்தாள். அதே கலைக்களஞ்சியத்தில் எழுதும் பெரியநாயகம், 1961-இல் அச்சானது என்று ஒரு சிறுநூலைப் படமெடுத்துப் போட்டுவிட்டார். அதில் கலாவதியின் வரிகள் அச்சுப் பிசகாமல் இருந்தன. கல்லை நட்டவர் மட்டும் வேறு: பெரியநாயகத்தின் தாத்தா, எஸ்டேட் முதலாளி.

“அந்தப் புஸ்தகத்த நான் கண்ணால பாத்ததே இல்லீங்க்கா,” என்றாள்.

ஆன்மேரி காவல்துறையின் கைரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், லேசில் பதறமாட்டார். அவருக்கு ஜீப் ஓட்டும் சுப்பிரமணிதான் துள்ளினான். காகிதத்தைச் சோதிக்கலாம், மையைச் சோதிக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

“மொதல்ல கல்லப் பாப்போம், சாமி,” என்றார் ஆன்மேரி.

பஸ் நிற்கும் வளைவில், சில்வர் ஓக் மரத்தடியில் கல் நின்றது. கலாவதி சாலையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கைபேசி சிணுங்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தாள். ஆன்மேரி குத்துக்காலிட்டுக் கல்லின் இரண்டு கால்களையும் தடவினார். அடியில் சிமெண்டுப் பூச்சு. அதற்கு மேலே முழங்கால் உயரம்வரை பழைய செம்மண் கறை ஏறியிருந்தது. எங்கே நின்று பார்த்து எழுதினாய் என்று கேட்டார். பஸ்ஸைவிட்டு இறங்கிய இதே இடத்தில்தான் என்றாள் கலாவதி. உடனே சுப்பிரமணியை டீக்கடைக்கு விசாரிக்க அனுப்பிவிட்டு, பெரியநாயகத்துக்குப் போன் போட்டார்.

மனுஷர் நூலும் கையுமாகச் சந்தோஷமாகவே வந்தார். கல் இருக்குமிடம் பற்றிய வரியை வாசிக்கச் சொன்னார் ஆன்மேரி. அவரும் கணீரென்று வாசித்தார்: “நட்ட நாள் முதல் பஸ் நிற்கும் வளைவில், மரத்தடியில் நிற்கிறது.”

“ஏனுங்க, மண்ணுக்குள்ள முழங்கால் ஆழம் பொதஞ்சு கெடந்த கல்லுங்க இது. கறையப் பாருங்க. கீழ காப்பிக்காட்டுல இருந்தத, கொரோனாவுக்கு அப்பறம் ரோட்ட அகலம் பண்ணினப்பத்தான் மெஷின் வெச்சுத் தூக்கியாந்து இங்க நட்டிருக்காங்க. சுப்பிரமணி விசாரிச்சதுல டீக்கடையிலயும் அதத்தான் சொல்றாங்க. கல்லு ஆதியிலிருந்து இங்கதான்னு நெனச்சுத் தப்பா எழுதினது இந்தப் புள்ள. அந்தத் தப்பு அறுபது வருசத்துக்கு முந்தின புஸ்தகத்துல எப்படிங்க ஏறுச்சு?” என்றார் ஆன்மேரி.

பெரியநாயகம் நூலை மூடினார். தாத்தாவைப் பற்றித் தான் எழுதியதையெல்லாம் ஆதாரம் இல்லையென்று இவள் அழித்தாளே, அந்த ஆத்திரத்தில் தானே அச்சடித்ததாக முணுமுணுத்தார். அங்கேயே நின்று புகாரைத் திரும்பப் பெற்றார்.

சுப்பிரமணி விசிலடித்தான். கலாவதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஊர் அறிய அவளைக் காப்பாற்றியது அவளுடைய பிழை. இனி அதை அப்படியே விட்டுவைக்க முடியுமா? காப்பிச்செடிகளுக்கு நடுவே சரிவில் இறங்கிப் போனாள். கல் முன்பு நின்ற இடத்தில் தூர்ந்த இரண்டு குழிகள் இருந்தன. அவற்றின் பக்கத்தில், காலையிலிருந்து முதல் தடவையாக நிதானமாக உட்கார்ந்தாள். கட்டுரையைத் திறந்து இடத்தை மாற்றினாள். திருத்தத்துக்குக் காரணம் கேட்ட கட்டத்தில் எழுதினாள்:

“நான் மேலேயே நின்றுவிட்டேன். வெள்ளையம்மாளின் கல் நின்றது இங்கே.”