இடிமுழக்கம் வல்லரசும் எக்கோ இல்லாத ஆட்டோவும்

திண்டிவனத்தில் இடிமுழக்கம் வல்லரசின் முகத்தைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. ஜவுளிக்கடைத் திறப்பு விழா, பொருட்காட்சி, மாநாடு, பழைய குக்கருக்குப் புதுக் குக்கர் என்று எதுவாக இருந்தாலும், ஆட்டோ மேல் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அவர் குரல்தான் வரும்.

'இடிமுழக்கம்' என்ற பட்டத்தை அவருக்கு அவரேதான் கொடுத்துக்கொண்டார். பட்டம் கொடுத்த விழாவுக்குப் பொன்னாடையும் அவரே வாங்கிக்கொண்டு போனார். அவருடைய விசிட்டிங் கார்டில் 'ஆசியாவின் அதிரடிக் குரல்' என்று போட்டிருக்கும். ஆசியாவில் அவர் போயிருந்தது கிழக்கே மரக்காணம், மேற்கே செஞ்சி, தெற்கே விழுப்புரம். அவ்வளவுதான்.

2012ஆம் வருடம், மே மாதக் கடைசியில், பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி அறிவிப்பு செய்ய, அவர் கொன்றைப்பாக்கம் நடுநிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். கொன்றைப்பாக்கம் ஒலக்கூர் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர்.

"கவலய விடுங்க சார்," என்றார் தலைமையாசிரியர் சீனுவாசனிடம். "நாம போடுற எக்கோல பசங்க ஓடியாந்து கிளாஸ்ல குந்திக்குவாங்க."

சீனுவாசன் சார் கவலையை விடுகிற நிலையில் இல்லை. அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் திண்டிவனத்தில் இருக்கிற ஒரு இன்டர்நேஷனல் பள்ளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளியில் இன்டர்நேஷனலாக இருந்தவை கழுத்து டையும் வாசலில் வைத்த உலக உருண்டையும்தான்.

செவ்வாய்க்கிழமை விழுப்புரத்திலிருந்து அதிகாரி வரப்போகிறார். அப்போதும் ஒன்றாம் வகுப்பு காலியாக இருந்தால் பள்ளியை மூடிவிட்டு, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

ஏழாம் வகுப்பு தமிழ்மொழி இதைக் கேட்டதும் முதலில் நினைத்தது தன் தம்பியைத்தான். அவள் தம்பி வேணு மூன்றாம் வகுப்பு. சென்னைக்குப் போகிற பஸ்ஸும் லாரியும் சீறிக்கொண்டு ஓடும் அந்த நான்கு வழிச் சாலையை அவன் தினமும் தாண்ட வேண்டியிருக்கும். அந்தச் சாலையோரம் வரும் ஆடுகளே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, 'எதற்கு வம்பு' என்று திரும்பிவிடும்.

சனிக்கிழமை காலையில் ஆட்டோ கிளம்பியது. வல்லரசின் டிரைவர் சுதாகர் ஓட்டினான். ஸ்பீக்கரில் முதலில் 'டொய்ங்ங்ங்' என்று ஒரு சத்தம். அடுத்து, பதிந்து வைத்த இடிமுழக்கத்தின் குரல்.

"அறிவுக் கண் திறக்கும் அற்புதக் கோட்டை... டை... டை! கல்விக் கடலின் கலங்கரை விளக்கம்... கம்... கம்! அலைகடலெனத் திரண்டு வாரீர்... ரீர்... ரீர்... ரீர்!"

தமிழ்மொழி வாசலில் நின்று கேட்டாள். எந்தப் பள்ளி, எப்போது, யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எக்கோவுக்குள் எங்கோ புதைந்து கிடந்தன. உள்ளே அவள் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். எதிர்வீட்டில் ஜன்னலையே சாத்திவிட்டார்கள்.

மதியம் பள்ளிக்கு ஒரே ஒருவர் வந்தார். பெரியதம்பி தாத்தா. கையில் கைப்பிடி உடைந்த குக்கர் இருந்தது.

"இன்னா சார், புதுசு எங்க?"

"எது புதுசு?"

"போன வாரம் இதே கொரலுதான சொல்லிச்சி, பழசு குடுத்தா புதுசுன்னு? அதே டொய்ங்குதான சார்!"

சார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவுக்குப் பேசிய இரண்டு நாளில் இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. அது திங்கட்கிழமை.

அன்று சாயங்காலம் தமிழ்மொழி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாண மண்டப ஸ்பீக்கர் தூரத்தில் அலறிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அப்போது தெருமுனையில் ஏதோ ஒரு குழந்தை, "யம்மா!" என்று கூப்பிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை.

குழாயடியில் இருந்த அத்தனை அம்மாக்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

தமிழ்மொழி குடம் நிரம்பி வழிவதையே மறந்துவிட்டாள்.

"ஏய், தண்ணிய பாருடி! எங்க பராக்கு பாத்துக்கினு இருக்கற?" என்று அம்மா கத்தியதுகூட அவள் காதில் விழவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் சீனுவாசன் சார் வீட்டுக்கே போய்விட்டாள்.

"சார், கம்ப்யூட்டர் ரூம் சாவி வேணும் சார். அறிவிப்ப நாங்களே பேசி ரெகார்டு பண்றோம்."

கொன்றைப்பாக்கம் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜை அன்று அதன் போர்வையை விலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, திரும்பவும் போர்த்திவிடுவார்கள். அந்த அறையைப் பெருக்குகிற முறை வரும்போதெல்லாம் தமிழ்மொழி மட்டும் போர்வைக்குள் எட்டிப் பார்ப்பாள், ஸ்விட்சையும் போட்டுப் பார்ப்பாள். அப்படித்தான் ஆடாசிட்டி என்ற மென்பொருளைக் கண்டுபிடித்தாள். குரலைப் பதியலாம், வெட்டலாம், ஒட்டலாம். காசு கிடையாது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் கூடிச் செய்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், உள்ளே திறந்து பார்த்து மாற்றக்கூடச் செய்யுங்கள் என்று விட்டுவைத்தது அது. இதுவரை அவள் அதில் செய்த பெரிய சாதனை, வேணுவின் ஏப்பத்தைப் பதிந்து திருப்பிப் போட்டுக் கேட்டதுதான்.

சார் தயங்கினார். "அது விலையுயர்ந்த பொருள்மா. ஏதாச்சும் ஆயிடுச்சின்னா?"

"ஒண்ணும் ஆவாது சார். பூஜை போட்டுதான வெச்சிருக்கோம்?"

சார் எழுந்து உள்ளே போய்வந்தார். சாவியைக் கொடுத்துவிட்டார்.

தமிழ்மொழி ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தாள். ஏரிக்கரைத் தெருவுக்கு அய்யப்பன். அவன் அவளுடைய வகுப்புதான். மைக்கைப் பார்த்தாலே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"வணக்கம், நான் அய்... ஹிஹிஹி!"

"டேய், ஒழுங்கா பேசுடா. கரண்டு போயிடும்."

"பேசுறேன் பேசுறேன். வணக்கம்... ஹிஹி!"

"வணக்கமே வேணாம். உங்க தெருவுல யார் வூட்ல சின்னப் பிள்ள இருக்குது?"

"எங்க சின்னம்மா வூட்லதான். கலைப்பிரியா."

"அப்ப உங்க சின்னம்மாகிட்ட பேசு. என்கிட்ட பேசாத, ஊருகிட்ட பேசாத."

அய்யப்பன் மைக்கைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு சாதாரணமாகப் பேசினான். இப்போது சிரிப்பு ஒரே ஒரு தடவைதான் வந்தது.

முதல் பதிவைப் போட்டுக் கேட்டால், குரலுக்குப் பின்னால் மின்விசிறி 'உஸ்ஸ்ஸ்' என்று இரைந்தது. மெனுவில் ஒவ்வொன்றாகத் தேடியதில் இரைச்சலை நீக்க ஒரு வழி கிடைத்தது. யாரும் பேசாத இடத்தில் வெறும் 'உஸ்' மட்டும் கொஞ்சம் தேர்ந்தெடுத்து, 'இதுதான் வேண்டாதது' என்று காட்ட வேண்டும். மொத்தப் பதிவிலிருந்தும் அதை அது கழித்துவிடும். முதல் முறை அவள் ரொம்பவும் கழித்துவிட்டாள். அய்யப்பன் பானைக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அழித்துவிட்டு, அளவைக் குறைத்து மறுபடியும் செய்தாள்.

'டொய்ங்'குக்குப் பதிலாக ஒரு தாளம் வேண்டும். வேணு ஒரு டப்பாவில் மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், போட்டுக் குலுக்கினான். இன்னொருத்தி பெஞ்சில் ஸ்கேலால் தட்டினாள். ஒருமுறை தட்டினால் போதும். அதையே நகலெடுத்து அடுத்தடுத்து ஒட்டினால் ஊர்வலம் போகிற அளவுக்கு நீண்டுவிடும். தட்டி முடித்ததும் டப்பாவில் இருந்ததை வேணு தின்றுவிட்டான். அதனால் இரண்டாவது முறை பதிய வழியில்லை.

நடுவில் கரண்டு போனது. வந்தது. போனது. ஒவ்வொரு முறையும் தமிழ்மொழி, "சேவ் பண்ணிட்டேன், சேவ் பண்ணிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் சீனுவாசன் சார் வந்து கேட்டார். ஒரு பையனின் பதிவு ஓடியது: "எங்க டீச்சர் இங்கிலீஷும் நல்லா சொல்லிக்குடுப்பாங்க. எனக்குதான் இன்னும் ஏறல."

சார் பதறிவிட்டார். "ஐயையோ! அந்தக் கடைசி வரிய வெட்டிடும்மா! அய்யப்பன் சிரிக்கிறதையும் வெட்டு. ஆரம்பத்துல 'மாண்புமிகு பெற்றோர்களே'ன்னு ஒண்ணு சேத்துடு."

"வேணாம் சார். அத வெட்டினா மீதியையும் நம்ப மாட்டாங்க."

சார் அவளையே பார்த்தார். பிறகு, "மாண்புமிகுவாவது போடலாமே..." என்று மெதுவாக இழுத்தார். அதையும் அவள் போடவில்லை.

திங்கட்கிழமை காலை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இடிமுழக்கம் வல்லரசே நேரில் வந்திருந்தார். சார் விஷயத்தைச் சொன்னதும், தமிழ்மொழி கையில் இருந்த பென்டிரைவைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எந்த ஸ்டுடியோவுல பண்ணது பாப்பா?"

"எங்க ஸ்கூல்லதான்."

"சாஃப்ட்வேரு எவ்ளோ?"

"சும்மாதான் மாமா. யார் வேணும்னாலும் போட்டுக்கலாம்."

"சும்மா கெடைக்கிறதுல சும்மாதான் வரும். எக்கோ எவ்ளோ வெச்சிருக்க?"

"எக்கோவே இல்ல."

வல்லரசு அதிர்ந்துபோய் சாரைப் பார்த்தார். "எக்கோ இல்லாத அறிவிப்பா? சட்ட போடாம கல்யாணத்துக்குப் போற மாதிரி சார் இது! எம்பேரு கெட்டுடும்!"

சார் தடுமாறினார். தமிழ்மொழி ஓரடி முன்னால் வந்தாள். "ஒரே ஒரு தெருவுல போட்டுப் பாக்கலாம் சார். யாரும் வரலன்னா மாமாவோடதையே போட்டுக்கலாம்."

"ஒரு தெருதாண்ணே," என்றான் சுதாகர் ஹேண்டிலைப் பிடித்தபடி. "ஜல்தியா போய்க்கினு வந்துடலாம்."

ஏரிக்கரைத் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தது. மல்லாட்டை குலுங்கியது, ஸ்கேல் தட்டியது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கெங்கம்மாள் நிமிரக்கூட இல்லை. அடுத்து, குழாய் ஸ்பீக்கரிலிருந்து தெளிவாக ஒரு குரல்.

"கெங்கம்மா சின்னம்மா, நான்தான் அய்யப்பன் பேசுறேன். ஹிஹி!"

கெங்கம்மாள் கையிலிருந்த கோலமாவு கொட்டியது.

"எங்க அக்கா புள்ள சிரிப்பு மாதிரி இருக்குதே! டேய், எங்கடா இருக்க?"

"நம்ம கலைப்பிரியாவ எங்க ஸ்கூல்ல சேத்துடு சின்னம்மா. ரோட்டத் தாண்டி எங்கயும் அனுப்பாத. நான் தெனமும் வந்து கைய புடிச்சி கூட்டிக்கினு போறேன். மதியம் முட்ட குடுக்குறாங்க. டீச்சரு திட்டுவாங்க, ஆனா அடிக்க மாட்டாங்க."

வீட்டுக்குள்ளிருந்து கலைப்பிரியா ஓடிவந்து, "எம்பேரு! எம்பேரச் சொல்லுது!" என்று குதித்தாள்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக்கார அம்மா, "ஏன், எங்க வூட்டுப் புள்ளய கூப்புட மாட்டீங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

"கூப்புட்டிருக்கோம் அத்தை, அடுத்து அதுதான் வருது!" என்று கத்தினாள் தமிழ்மொழி.

கோயில் தெருவில் கோயில் தெருப் பிள்ளையின் குரல். மேட்டுத் தெருவில் மேட்டுத் தெருப் பிள்ளையின் குரல். ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு பதிவு. 'எனக்குதான் இன்னும் ஏறல' என்று வந்தபோது தெருவே சிரித்தது. "உள்ளத உள்ளபடி சொல்றான் பாரு," என்று சொல்லிக்கொண்டே அவன் மாமா தன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டோவின் பின்னால் நடந்தார். அவர் பின்னால் இன்னொருவர். அதற்குப் பின்னால் கெங்கம்மாள், கோலமாவுக் கையோடு.

பள்ளி வாசலுக்கு ஆட்டோ திரும்பி வந்தபோது அது ஊர்வலமாக இருந்தது. சார் பெயர்களை எழுதப் பேனாவைத் தேடினார். அது அவர் காதிலேயே இருந்தது.

மறுநாள் வந்த அதிகாரி ஒன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்தார். சேர்க்கப் பெயர் கொடுத்த பெற்றோரும் பிள்ளைகளுமாக நெரிசல். உள்ளே போக இடமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டு, "இந்தப் பள்ளியையா மூடணும்னு சொன்னாங்க?" என்று கேட்டார். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு, என்ன ஆயிற்று என்று பார்க்க வந்திருந்த வல்லரசு மட்டும் கம்ப்யூட்டர் அறை வாசலில் தயங்கி நின்றார்.

"பாப்பா... எங்கொரலு எக்கோ இல்லாம எப்டி இருக்கும்னு ஒரு தபா கேக்கலாமா?"

அவர் பேசினார். அவள் பதிந்து, அப்படியே போட்டுக் காட்டினாள். இடியும் இல்லை, முழக்கமும் இல்லை. மெல்லிய, கொஞ்சம் கீச்சென்ற ஒரு குரல், 'வணக்கங்க' என்றது.

வல்லரசின் முகம் சுருங்கிப்போனது. "இதுவா நான்?"

அய்யப்பன் சிரிக்க வாயைத் திறந்தான். தமிழ்மொழி அவன் காலை மிதித்தாள்.

"நல்லாருக்குது மாமா," என்றாள். "பக்கத்து வூட்டு மாமா பேசுற மாதிரியே இருக்குது. இப்டி பேசினா நானே கதவத் தொறந்து பாப்பேன்."

அவர் இன்னொரு முறை போட்டுக் கேட்டார். மூன்றாவது முறை கேட்கும்போது லேசாகச் சிரித்தார். போகும்போது மென்பொருளைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு, "நெஜமாவே சும்மாதான?" என்று இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதார்கள். கலைப்பிரியா அய்யப்பனின் கையைக் கடித்தே விட்டாள்.

"சார், சத்தம் தாங்கல, காது கிழியுது," என்று ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஓடிவந்தார்.

சீனுவாசன் சார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார்.

"அந்த ஜன்னலையும் தொறந்து விடுங்க டீச்சர்," என்றார்.