ஆறுமணிக் குருவிக்கு வந்த பதில்

பதில் வந்தது. அதில் இருமலும் இருந்தது.

காதில்தான் ஏதோ கோளாறு என்று சௌமியா முதலில் நினைத்தாள். ஜீவா கையில் பிடித்திருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஆறுமணிக் குருவியின் கூவல், மேலேறி ஒன்று, வழுக்கி இறங்கி ஒன்று என இரண்டு சுரங்களாகக் காபிச் செடிகளுக்குள் போயிருந்தது. போன வருஷம் ஜீவாவே பதிவு செய்த கூவல் அது. முடிவில் அவனுடைய இருமலும் சேர்ந்து பதிவாகியிருந்தது. அதை வெட்டியெடுக்க அவன் மெனக்கெடவில்லை. ஸ்பீக்கர் ஓய்ந்ததும், மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள் பனிக்குள் மங்கத் தொடங்கும் சரிவிலிருந்து அதே இரண்டு சுரங்கள் திரும்பி வந்தன. கொஞ்சம் இடைவெளி. பிறகு அந்த இருமல்.

"கேட்டியா?" ஜீவாவின் முகம் மலர்ந்தது. "நொம்பக் கிட்ட இருக்குது. இன்னும் ரெண்டு தடவ போட்டா பாதைக்கே வந்துரும்."

அவன் இருமலைக் கவனிக்கவில்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த ஜோஸ்லினும் கவனிக்கவில்லை. அதைப் பற்றி யோசிக்க சௌமியாவுக்கும் அப்போது மனதில் இடமில்லை. உள்ளே முழுக்கக் கோபம்தான் இருந்தது.

காலையில் குப்பனூர் வழியாக மலையேறும்போது அவன் சொன்னான்: "இந்தத் தடவ நாம மூணு பேரு மட்டும். ஸ்பீக்கர் எடுத்துட்டே வரல, போதுமா?" சேலத்தில் ஒரே கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள் மூன்று பேரும், ஜோஸ்லின் மட்டும் இளையவள். தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டது என்று நம்பிப் பறவை அலையும் என்பதால், கூவலைப் போட்டு எதையும் வரவழைப்பதில்லை என்று அந்த நாட்களில் விதி போட்டவனே ஜீவாதான். வீடியோ சேனல் ஆரம்பித்தபின் அந்த விதியை அவன் சௌகரியமாக மறந்துவிட்டான். ஆனாலும் அவன் காலையில் சொன்னதை நம்பித்தான் சௌமியா நாள் முழுக்கக் காரை ஓட்டினாள். வெள்ளக்கடைப் பக்கம் எஞ்சினை அணைத்துவிட்டுக் காட்டுமாடுகளைப் பார்த்தார்கள். தலைச்சோலையில் பாம்புக்கழுகு ஒன்று தலைக்கு மேலேயே வட்டமிட்டது. பழையபடி சிரித்தார்கள். கரடியூருக்குக் கீழே இருக்கும் இந்த எஸ்டேட்டுக்குள் நடந்து இறங்கிய பிறகுதான், ஜீவா பையின் அடியிலிருந்து அந்த ஸ்பீக்கரை எடுத்தான். துண்டில் சுற்றி வைத்திருந்தான். மறந்துபோய் எடுத்து வந்ததல்ல. ஒளித்து எடுத்து வந்தது.

"நிறுத்து ஜீவா."

"ஒரே ஒரு தடவ."

"நிறுத்துன்னு சொல்றேன்."

அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே அவன் பொத்தானை அழுத்தினான்.

இந்த முறை ஸ்பீக்கர் முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. முன்பைவிடக் கிட்டத்தில். இரண்டு சுரங்கள், இருமல். அதற்கும் முன்னால், பொத்தான் அமுங்கும் அந்தச் சின்ன 'டிக்'.

"அது குருவி இல்ல," என்றாள் சௌமியா. "இருமுது. கேக்கல?"

"எக்கோ அடிக்குது. மலையில எக்கோ அடிக்காதா?"

"வெக்கமே இல்லையா உனக்கு?" அவள் கத்தினாள். கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. "வடக்கேருந்து அத்தன தூரம் பறந்து, செத்துப் பொழச்சு இப்பத்தான் வந்து எறங்கியிருக்குது. தின்னாம கொள்ளாம இல்லாத எதிரியத் தேடிட்டு அலையட்டும், உனக்கு வீடியோ கெடச்சாப் போதும், இல்ல?"

"காலேஜ்ல எடுக்கிற கிளாஸ என்கிட்ட எடுக்காத. ஊர்ல நீ ஒருத்திதான் யோக்கியம் பாரு."

"அக்கா, விடுங்க," என்றாள் ஜோஸ்லின். "வந்த எடத்துல எதுக்குங்க்கா சண்டை?"

அதுதான் இன்னும் எரிந்தது. ஜோஸ்லின் எப்போதும் நடுவில் நிற்பாள், ஆனால் ஜீவா பக்கம் அரை அடி தள்ளியே நிற்பாள். "நான் காருக்குப் போறேன். ரெண்டு பேரும் அதக் கூப்பிட்டுக் கொஞ்சிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு சௌமியா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

காரை நிறுத்தியிருந்த எஸ்டேட் கேட்டுக்கு ஏறும் ஜீப் பாதையில் ஈரமண்ணும், எங்கோ குவித்து வைத்த காபிப்பழத் தோல் புளித்த வாடையும் கலந்து கிடந்தன. பனி சரிவிலிருந்து மேலேறி, செடிகளின் இடுக்கு வழியாகப் பாதைக்குள் வழிந்து, அவள் முழங்காலைத் தொட்டு, பிறகு இடுப்பைத் தொட்டு, கடைசியில் பத்தடிக்கு அப்பால் மரம் எது வானம் எது என்று தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக ஆக்கிவிட்டது. அவள் வாய்க்குள்ளேயே ஜீவாவைத் திட்டிக்கொண்டு நடந்தாள். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில்களெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

வலப்பக்கம் கூவல் கேட்டது.

இன்னும் போடுகிறான் என்று நினைத்தாள். பல்லைக் கடித்தாள். அடுத்த கூவலும் வலப்பக்கம்தான் கேட்டது. பாதி தூரம் ஏறியிருந்தாள், ஆனால் சத்தம் பின்தங்கவில்லை. கூடவே ஏறியது. ஒரு சருகும் நொறுங்கவில்லை. சில்வண்டுகள் எப்போது நின்றன என்று தெரியவில்லை.

"கண்ணு."

சௌமியாவுக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. எஸ்டேட் கேட்டில் கார் நிறுத்தும்போது பார்த்த தோட்ட வேலைக்காரி சின்னத்தாயியின் குரல். "வெரசா வந்துருங்க கண்ணு, பனி எறங்குச்சுன்னா ஒண்ணுந் தெரியாது. நான் ஊட்டுக்குப் போறேன், கேட்டச் சாத்திட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு எதிர்த் திசையில் போன அம்மா.

"ஏனுங்க, இன்னும் ஊட்டுக்குப் போகலீங்களா?"

"கண்ணு."

அதே இழுப்பு, அதே ஏற்றம். குரல் வந்த இடத்தில் காபிச் செடிகள் மட்டும் இருந்தன. இலைகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணு."

அவள் பின்னால் ஓரடி வைத்தாள்.

செடிகளுக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள்: "வெக்கமே இல்லையா உனக்கு?"

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. சௌமியாவின் குரல். பிறகு அது தணிந்து, பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. "வெக்... வெக்கமே. உனக்கு. உன... க்கு." அந்த உடைவை மட்டும் எடுத்துத் தனியாக, திரும்பத் திரும்பச் சொன்னது. சரியாக வரும்வரை.

அவள் ஓடினாள்.

காருக்குள் ஏறிக் கதவுகளைப் பூட்டியபின்தான் மூச்சு விட்டாள். கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. செல்போனை எடுத்து ஜோஸ்லினை அழைத்தாள்.

"அக்கா, அங்கேயே இருங்க," என்றாள் ஜோஸ்லின் எடுத்தவுடன். அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க கூப்புடுறது கேக்குது. வந்துட்டே இருக்கோம்."

"நான் கூப்புடல! நான் கார்ல இருக்கேன். பாதைய விட்டு எறங்காதீங்க ஜோஸ்லின், நேரா மேல வாங்க."

"கார்லயா?" ஜோஸ்லின் தயங்கினாள். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால், போனுக்குள், தூரத்தில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

ஜீவாவின் குரல் கேட்டது. "கார்ல இருக்கேன்னா சொல்றா? கீழ உக்காந்து அழுதுட்டு இருக்கா, சத்தம் கேக்குது பாரு. கோவத்துல சொல்றா. நான் போயி பேசிக்கிறேன், நீ போன வெய்யி."

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

ஹாரனை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். கையை எடுத்ததும் கீழே, சரிவின் அடியில், அதே ஹாரன் நீளமாக ஒலித்தது.

அப்போது அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. ஜீவாவிடம் நிறுத்தச் சொன்னாள். கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அவள் நேரில் சொன்னதைவிட, போனில் கதறியதைவிட, எதுவோ ஒன்று அவள் குரலில் போடும் சத்தம் அவனுக்கு உண்மையாக இருக்கிறது. கதவைத் திறந்தாள். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கீழே இறங்கினாள். திட்டிக்கொண்டிருக்கும்வரை கால்கள் நடந்தன.

பாதி வழியில் திட்டுவதை நிறுத்தினாள். செடிகளுக்குள் வேறொருத்தி அதே வசவுகளைக் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வளைவைத் தாண்டினாள். பாதையோரம் ஜோஸ்லின். முதுகைக் காட்டி நின்றாள். அவளுக்கு அப்பால், காபி வரிசைக்குள், ஜீவா.

அவன் குந்தியிருந்தான். அவன் முன்னால், பலாமரத்தின் அடியில், எதுவோ சுருண்டு உட்கார்ந்திருந்தது. பனி அதை ஒரு பெண்ணின் அளவுக்குக் காட்டியது. முழங்காலில் முகம் புதைத்தது போல. தோள்கள் குலுங்கின. சௌமியா அழாத அழுகை, அவள் குரலிலேயே, அதனிடமிருந்து வந்துகொண்டிருந்தது.

"தப்புதான் சௌமி," என்றான் ஜீவா. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத குரல். "எடுத்துட்டு வரலன்னு பொய் சொன்னது அதவிடத் தப்பு. நீ சொன்னது எல்லாமே சரி. இனிமே போட மாட்டேன், சத்தியமா. எந்திரி, போலாம்."

அவளுக்கு வர வேண்டிய சொற்கள். ஒவ்வொன்றும்.

"ஜீவா!"

அவள் கத்திய அதே கணத்தில் மரத்தடியிலும் "ஜீவா!" என்றது. ஒன்றுக்கொன்று இம்மியும் பிந்தவில்லை. அவன் திரும்பவில்லை. அவனுக்கு ஒரு குரல்தான் கேட்டிருக்கும்.

ஜோஸ்லின் திரும்பினாள்.

சௌமியாவைப் பார்த்தாள். செல்போன் வெளிச்சம், அதற்குப் பின்னால் இருட்டாக ஒரு முகம். பிறகு மரத்தடியைப் பார்த்தாள். மறுபடி இவளை.

"ஜோஸ்லின், நான்தான். இங்க வா. ஜோஸ்லின்."

ஜோஸ்லின் ஓரடி பின்வாங்கினாள். இன்னோரடி. காபி வரிசைக்குள், அவர்கள் பக்கமாக.

"சௌமியாக்கா," என்றாள் மரத்தடியைப் பார்த்து, கிசுகிசுப்பாக. விரல் இவளை நோக்கி நீண்டது. "அக்கா, சீக்கிரம் எந்திரிங்க. அங்க பாதையில யாரோ நிக்கிறாங்க. உங்கள மாதிரியே பேசுறாங்க."

அழுகை நின்றது.

"அழாத, வா," என்றான் ஜீவா. அதன் தோளில் கை வைத்தான். அது எழுந்தது.

குந்தியிருந்த அவன் உயரத்துக்கு எழுந்தது. காபிச் செடிகளின் உயரத்துக்கு எழுந்தது. கையை எடுக்காமல் அவனும் நிமிர்ந்தான், பிறகு குதிகாலை உயர்த்தினான். "தப்புதான் சௌமி," என்று அண்ணாந்து சொல்லிக்கொண்டிருந்தான். மிளகுக்கொடி ஏறி முடியும் இடத்தை அதன் தலை தாண்டியது. பனிக்குள் போனது. அவன் கை அதன் தோளிலிருந்து வழுக்கி, முதுகில் வழுக்கி, இடுப்பில் வந்து நின்றது.

அது இன்னும் எழுந்துகொண்டிருந்தது.