செங்கல்லை யாராவது குடிப்பாங்களா?

"எங்க அம்மா தண்ணி திருடல!"

ஒரு மாதமாகக் கவிநிலா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சொன்னாள், தெருவில் சொன்னாள், கேட்காதவர்களைக் கூப்பிட்டு நிறுத்தியும் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் அம்மா திரௌபதி அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்த் தொட்டி. மலையைச் சுற்றி வருகிறவர்கள் குடிப்பதற்காகத் தெருக்காரர்கள் சேர்ந்து செங்கல்லும் சிமெண்ட்டும் வைத்துக் கட்டியது. கருங்கல் மேடை மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். '500 லிட்டர்' என்று நீலப் பெயிண்டில் கொட்டை எழுத்து வேறு.

போன பௌர்ணமியன்று காலையில் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினார்கள். நல்ல கூட்டம் வருவதற்குள் தொட்டி காலியாகிவிட்டது. தண்ணீர்ப் பந்தல் தலைவர் ராஜேந்திரனுக்கு மூக்குக்கு மேல் கோபம். மைக்கைப் பிடித்தார்.

"ஐந்நூறு லிட்டர் தண்ணி எங்க போச்சு? பக்கத்துல டீக்கடை வச்சிருக்கவங்களைத்தான் கேக்கணும்!"

ஒலிபெருக்கி அதை ஊருக்கே சொன்னது. டீ ஆற்றிக்கொண்டிருந்த திரௌபதியின் கை அப்படியே நின்றுவிட்டது. கவிநிலாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

இன்று மறுபடியும் பௌர்ணமி. விடிந்ததுமே வெள்ளை வேட்டியில் ராஜேந்திரன் வந்து நின்றார்.

"திரௌபதி, கடையை அந்தக் கோடிக்கு மாத்திக்கம்மா. தொட்டி பக்கத்துல வேணாம்."

அந்தக் கோடியில் முள்வேலிதான் இருக்கிறது. அங்கே போய் யார் டீ குடிப்பார்கள்? ஆனாலும் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கண்ணா" என்றார்.

"சரி இல்ல!" என்றாள் கவிநிலா.

"இன்னாம்மா, பெரியவங்க பேசும்போது..."

"மாமா, இந்தத் தொட்டியில ஐந்நூறு லிட்டர் பிடிக்கும்னு யார் பாத்தாங்க?"

"நானே டேப் வச்சு அளந்தேன். வேணும்னா நீயும் அளந்து பாரு."

"அளக்கிறேன். தப்பா இருந்தா, மைக்குல சொன்னதை மைக்குலயே வாபஸ் வாங்கணும்."

ராஜேந்திரன் சிரித்துவிட்டார். "சரிங்க டீச்சரம்மா!" என்று டேப்பை எடுத்து வரச் சொன்னார்.

நீளம் முப்பத்தாறு அங்குலம். அகலமும் முப்பத்தாறு. உயரம் இருபத்துநான்கு. கவிநிலா மண்ணில் குந்தி ஒரு குச்சியால் பெருக்கினாள். 31,104 கன அங்குலம் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 61 கன அங்குல இடம் வேண்டும். அதனால் 61ஆல் வகுத்தாள். விடையைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. கிட்டத்தட்ட 510 லிட்டர்!

"பாத்தியா? பத்து லிட்டர் ஜாஸ்தியாவே பிடிக்கும்!" என்றார் ராஜேந்திரன்.

கணக்கும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டால் என்னதான் செய்வது? கவிநிலா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பெருக்கினாள். அதே விடைதான்.

அப்போது தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"கவி, என்னைத் தூக்கி விடேன்! முட்டி மாட்டிக்கிச்சு!"

அவள் வகுப்பில் படிக்கும் மாறன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தொட்டிக்குள் இறங்கித் தேங்காய் நாரால் தேய்ப்பது அவன் வேலை.

"இவ்ளோ பெரிய தொட்டியில எப்பிடிடா மாட்டுவ?"

"வெளிய இருந்து பாத்தாதான் பெருசு. உள்ள வந்து பாரு, தெரியும்!"

கவிநிலா அவனைப் பார்த்தாள். தொட்டியின் சுவரைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, மாறனை வெளியே தூக்கிவிட்டு, டேப்பை உள்பக்கம் விட்டாள்.

சுவரே இந்தப் பக்கம் ஆறு அங்குலம், அந்தப் பக்கம் ஆறு அங்குலம்! உள்ளே நீளம் இருபத்துநான்குதான். அகலமும் அப்படியே. அடித்தளமும் கனம், அதனால் ஆழம் இருபதுதான். மறுபடி பெருக்கி, 61ஆல் வகுத்தாள். 189 லிட்டர்!

"மாமா, நீங்க செங்கல்லையும் சேத்து அளந்திருக்கீங்க. செங்கல்லை யாராவது குடிப்பாங்களா?"

டீ குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். ராஜேந்திரன் சிரிக்கவில்லை.

"கணக்குல ஆயிரம் வரும். அதையெல்லாம் நம்ப முடியாது."

"அப்போ ஊத்திப் பாக்கலாம். அம்மாவோட பால் கேன் பத்து லிட்டர். ஐந்நூறு லிட்டர்னா அம்பது கேன் பிடிக்கணும். நான் சொல்றேன், பத்தொன்பதாவது கேன்லயே வழியும். வழியலன்னா கடையை நாங்களே மாத்திக்கிறோம்."

"கவி!" என்று பதறினார் அம்மா.

"பயப்படாதம்மா."

சொல்லிவிட்டு, மண்ணில் போட்ட கணக்கை அவளும் இன்னொரு தடவை சரிபார்த்தாள். டீ குடிக்க வந்தவர்களே குழாயில் பிடித்துப் பிடித்து ஊற்றினார்கள். மாறன் உரக்க எண்ணினான். பதினெட்டு கேன் ஊற்றியாயிற்று. விளிம்புக்குக் கீழே இன்னும் ஓர் அங்குலம் இடம் இருந்தது.

பத்தொன்பதாவது கேன் சாய்ந்தது. பாதி போயிற்று, வழியவில்லை. முக்கால் போயிற்று, அப்போதும் வழியவில்லை. ராஜேந்திரன் குனிந்து எட்டிப் பார்த்தார். மிச்சத் தண்ணீரும் விழுந்தது. தொட்டி தளும்பி, அவர் வெள்ளை வேட்டி மேலேயே வழிந்தது!

"வழிஞ்சிடுச்சு!" என்று மாறன் குதித்தான்.

ராஜேந்திரன் ஈர வேட்டியை ஒரு முறை பார்த்தார். நேராக மைக்குக்குப் போனார். பழக்கதோஷத்தில், "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போன பௌர்ணமிக்குத் திரௌபதியைப் பத்தி நான் சொன்னது தப்பு. தண்ணி திருடு போகல. தொட்டிதான் சின்னது. செங்கல்லையும் சேத்து அளந்தவன் நான்தான். மன்னிச்சுக்கம்மா."

இதையும் ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது. ஒரு மாதமாகக் குனிந்திருந்த அம்மாவின் தலை நிமிர்ந்தது. டீ ஆற்றும் கையும் முன்னைவிட உயரமாகப் போனது. முதல் டீயை ராஜேந்திரனுக்கே கொடுத்தார்.

கவிநிலா நீலப் பெயிண்டையும் பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு வந்தாள். 500ஐ அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதத் தொடங்கினாள்.

ராஜேந்திரன் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "நூத்தித் தொண்ணூறுன்னு போடேம்மா. ரவுண்டா இருக்கும்ல?"

"ஒரு லிட்டர் செங்கல்கூட வேணாம் மாமா" என்று சொல்லிவிட்டு, தெருக்கோடி வரை தெரிகிற மாதிரி '189' என்று எழுதினாள் கவிநிலா.